நெட்டிலிங்கத் தெரு, மாலை ஏழரை

மட்டுவார்குழலிக்கு டிவி தொடர்களில் எது பிடிக்காது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாள். எது பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த ஒரு மணி நேரப் பேச்சைத்தான் வாரம் ஒருமுறை செல்போனில் பதிவு செய்து, 'குழலியின் குட்டு' என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். திருச்சியில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. பொன்மலைப்பட்டியில் மாடிப் போர்ஷன் ஒன்றில் தனியாக இருந்தாள். கணவரோடு ஒத்துவரவில்லை, அவர் கரூரிலேயே இருந்துகொண்டார். பகலெல்லாம் அடுத்தவர்கள் வாயைத் திறப்பதைப் பார்த்துவிட்டு வந்து மாலையில் தன் வாயைத் திறப்பது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

கேட்பவர்கள் ஒரு சின்ன ஊர் அளவுக்குச் சேர்ந்திருந்தார்கள். குடும்பத் தொடர்களில் ஒரு அறை விழுந்தால் அது மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை விழுகிறதே, வாங்கியவளுக்கு இருப்பது இரண்டு கன்னம்தானே என்று கேட்பாள். ஆறு மாதம் கோமாவில் கிடந்து எழுந்தவளுக்குப் புருவம் திருத்திவிட்டது யார் என்று கேட்பாள். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பவர்களில் ஒருத்தராவது முழு வாக்கியத்தையும் கேட்டுத் தொலைத்தால் பாதித் தொடர்கள் அன்றே முடிந்துவிடும் என்பாள். விண்வெளித் தொடர்கள் என்றால் இன்னும் ஒரு பிடி கூடுதல். வேற்றுக்கிரகத்து ஆட்கள் அத்தனை பேரும் ஏன் நெற்றியில் ஒரு மேட்டை வைத்துக்கொண்டு பட்டிமன்றத் தமிழ் பேசுகிறார்கள்? பூமியையே விட்டு வந்த பிறகும் மாமியார் மட்டும் ஏன் மாறவில்லை?

அந்தச் சமயம் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தவை இரண்டு தொடர்கள். 'நடுக்கூடம்' என்ற நிறுவனத்தின் பெட்டியை டிவியோடு மாட்டிக்கொண்டால் இரண்டும் வரும். தினமும் மாலை ஏழரைக்கு 'நெட்டிலிங்கத் தெரு' என்ற குடும்பத் தொடர். ஞாயிறுதோறும் 'சனி நிலையம்' என்ற விண்வெளித் தொடர். விவகாரம் தொடங்கியது சனி நிலையத்தில்தான். அதுவும் ஒரு ஜடையில்.

நிலையத்தில் ஈர்ப்பு விசை நின்றுபோகிற காட்சி. சாமான்கள் எல்லாம் மிதக்கின்றன. கதாநாயகி மிதக்கிறாள். அவளுடைய ஜடை மட்டும் முதுகோடு ஒட்டி, எண்ணெய் தடவிப் பின்னிய பள்ளிக்கூடப் பிள்ளையின் ஜடைபோல் நேராகத் தொங்குகிறது. குழலி அந்த ஜடையை வைத்துப் பத்து நிமிஷம் பேசினாள். சனிக்கோளின் விசை ஜடைக்கு மட்டும் வேலை செய்கிறது போலிருக்கிறது என்றாள். பேசி முடித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் கீழே கருத்து எழுதியவர்களில் பலர் சிரித்திருந்தார்கள். சிலர் மட்டும் ஒரு மாதிரி குழம்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஜடை மிதந்ததே அக்கா என்று நாமக்கல்லிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். குழலி தன் டிவியிலிருந்து எடுத்த காட்சியை அனுப்பினாள். அவர் தன் டிவியிலிருந்து எடுத்ததை அனுப்பினார். அதே காட்சி, அதே ஆட்கள், அதே வசனம். ஆனால் அவர் அனுப்பியதில் ஜடை ஒரு விலாங்கு மீன் மாதிரி வளைந்து வளைந்து காற்றில் நீந்திக்கொண்டிருந்தது. அழகாகவே இருந்தது.

தவறு தெரிந்து பிறகு திருத்தியிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அவர் முதல் ஒளிபரப்பிலேயே எடுத்தது என்றார். இன்னொருத்தி, சேலத்துக்காரி, சாதாரணமாக எழுதியிருந்தாள்: நீங்கள் இதையெல்லாம் கற்பனையாகச் சொல்கிறீர்கள் என்றுதான் நாங்கள் இத்தனை நாளும் நினைத்தோம், அதற்காகத்தானே கேட்கிறோம், தொடரில் அப்படி ஒன்றும் தப்பு இருக்காதே. அதற்குக் கீழே நிறையப் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். குழலி அதைப் பலமுறை படித்தாள். அன்றைக்கு மருத்துவமனையில் ஒருவருக்கு வேறொருவரின் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம் ரெஜினாம்மாவின் வீட்டுக்குப் போனாள். அடுத்த தெருதான், பல வருஷப் பழக்கம். ரெஜினாம்மாவின் கணவர் இன்னாசி ரயில்வே பணிமனையில் இருந்தவர், இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் ஜெரோம் மஸ்கட்டில், துறைமுகக் கிடங்கில் வேலை. அப்பா இறந்தபோது அவன் வரவில்லை. அடக்கம் முடிந்து பல நாள் கழித்துத்தான் வந்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கையில், பெத்த அப்பனுக்கு மண்ணு போட வராதவன் சாப்பாட்டுக்கு வந்திருக்கான் பாருங்க என்று ரெஜினாம்மா எல்லார் முன்னாலும் சொன்னார். ஜெரோம் இலையிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு போன்கூட இல்லை. அந்தக் காலத்தில் ரெஜினாம்மா இளைத்துப் போய், கோயிலுக்குப் போவதையும் நிறுத்தியிருந்தார். அந்தத் தெருவில் எல்லாருக்கும் இது தெரியும்.

குழலி போனபோது அவர் நன்றாக இருந்தார். முகம் தெளிந்திருந்தது. தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தார். ஏழரை ஆகப்போகிறது, உட்கார் என்று சுண்டல் கிண்ணத்தை நீட்டினார்.

'நெட்டிலிங்கத் தெரு'வில் கோமதி என்ற விதவைத் தாய். அவளுக்குப் பிரபு என்று ஒரு மகன். குழலியின் வீட்டு டிவியில் அந்தப் பிரபு பல மாதங்களாக இல்லை. பிரபு கனடா போயிட்டான் என்று ஒரே ஒரு வசனத்தில் அவனை அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒருநாள் அவன் படத்துக்குச் சுவரில் மாலை தொங்கியது. மறுநாள் அந்த மாலையைக் காணோம். செத்தானா பிழைத்தானா என்று அந்தக் குடும்பத்துக்கே தெரியவில்லை என்று குழலி ஒரு வாரம் முழுக்க அதைக் கிழித்திருந்தாள்.

ரெஜினாம்மாவின் டிவியில் பிரபு சமையலறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அம்மாவிடம் ஏதோ வேலை விஷயமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போது இடது காது மடலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டான். ஜெரோம் சின்ன வயதிலிருந்தே அப்படிச் செய்வான். குழலி சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

பிரபு நிமிர்ந்து நேராகப் பார்த்தான். சாப்டியாம்மா என்று கேட்டான். கேட்டுவிட்டு நிறுத்தினான். அந்த இடத்தில் கோமதி பதில் சொல்லவில்லை, காட்சியும் மாறவில்லை. ரெஜினாம்மாதான் தாழ்ந்த குரலில், சாப்பிட்டேன்ப்பா, நீ சாப்பிடு என்றார். அவர் சொல்லி முடித்த பிறகு பிரபு தலையாட்டிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.

தொடர் முடிந்ததும் குழலி கிளம்பினாள். வீட்டுக்கு வந்து தன் டிவியில் அன்றைய எபிசோடைப் போட்டுப் பார்த்தாள். பிரபு இல்லை. கோமதி பருப்பு கடைந்துகொண்டிருந்தாள்; மத்து ஒரு காட்சியில் வலது கையில் இருந்தது, அடுத்ததில் இடது கையில்.

நெட்டிலிங்கத் தெருவுக்கு முதலில் வசனம் எழுதியவர் ஜம்புநாதன் என்பவர். திருவானைக்காவல்காரர், சென்னையில் இருந்தார். குழலி அவருடைய வசனங்களை எத்தனையோ தடவை கிழித்திருக்கிறாள். அவர் கோபப்படாமல் ஒவ்வொரு முறையும் வணக்கம் போட்டு ஒரு செய்தி அனுப்புவார். அக்கா மகளின் வளைகாப்புக்கு அவர் ஊருக்கு வந்திருந்தபோது ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் சந்தித்தார்கள். ஒரே தொடர் வீட்டுக்கு வீடு ஏன் மாறுகிறது என்று குழலி கேட்டதுமே அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார். அதில் ரகசியம் ஒன்றுமில்லை, பெட்டி மாட்டும்போது எல்லாரும் சம்மதம் கொடுத்த விஷயம்தான், யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான் என்றார்.

"நாங்க இப்ப கதை எழுதறதில்ல மேடம். விதை மட்டும் போடறோம். இந்த அம்மா, இந்தப் பையன், இந்த வீடு, இன்னிக்கு ஒரு சண்டை. அவ்ளோதான். அது வீட்டுக்கு வீடு வேற வேற மாதிரி முளைக்கும். யாரு பாக்கறாங்களோ அவங்களுக்குத் தகுந்த மாதிரி."

"தகுந்த மாதிரின்னா?"

"எந்திரிச்சுப் போகாத மாதிரி."

டிவியில் இருக்கும் கேமராக் கண் வழியாகப் பெட்டி பார்க்கும் என்றார். எந்த இடத்தில் முகம் மாறுகிறது, எந்த இடத்தில் மூச்சு நிற்கிறது என்று பார்க்கும். வீட்டில் இருப்பவர்கள் அதே டிவியில் வைத்து வீடியோ காலில் பேசியிருந்தால் அதுவும் அதன் ஞாபகத்தில் இருக்கும். ஆரம்பத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள்தான். ஒரு சேலை நிறம், ஒரு பாட்டு. இப்போது ஒரே தொடர் என்பது பெயரில் மட்டும்தான். ஒருத்தர் வீட்டில் செத்தவர் இன்னொருத்தர் வீட்டில் இருப்பார். யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் ஒருவரோடு ஒருவர் அவ்வளவு விவரமாகப் பேசிக்கொள்வதில்லை. நேத்து எபிசோட் நல்லா இருந்துச்சு, ஆமா நல்லா இருந்துச்சு, அதோடு சரி.

பிறகு குழலி தன் வீட்டைப் பற்றிக் கேட்டாள். ஜம்புநாதன் காப்பி டம்ளரை டபராவுக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கும் முதல்ல நல்லபடியாத்தான் போட்டாங்க மேடம், ஆபீஸ்ல எடுத்துப் பாத்தேன். நீங்க பாதியில எந்திரிச்சு தோசை ஊத்தப் போயிட்டீங்க. ஒருநாள் தவறுதலா ஒரு கண்ணாடி டம்ளர், உடைஞ்சது அடுத்த ஷாட்டுல முழுசா இருந்துச்சு. அன்னிக்குத்தான் நீங்க கடைசிவரைக்கும் உக்காந்தீங்க. அதுலேருந்து அது உங்களுக்குத் தப்புகளா போட ஆரம்பிச்சுது. தினமும் புதுசா."

அப்படியானால் வேறு யார் வீட்டிலும் அந்தத் தப்புகள் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். அவருக்கு வருத்தமாக இருந்தது தெரிந்தது. உங்கள் குட்டுகளை நான் ரொம்ப ரசிப்பேன் மேடம், என் கைப்பட எழுதிய காலத்தில்கூட நான் இவ்வளவு தப்பு செய்ததில்லை என்று சிரிக்கப் பார்த்தார். குழலி சிரிக்கவில்லை.

அந்த வாரம் 'குழலியின் குட்டு' வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தொடர் பார்ப்பதையே விட்டுவிட்டேன் என்று மருத்துவமனையில் சொல்லிக்கொண்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கண்ணில் நீர் வடிகிறது என்றாள்.

ரெஜினாம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று இருந்தது. போய் உட்கார்ந்து, ஜம்புநாதன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பையனைப் பெட்டிதான் செய்கிறது, உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறது என்றாள். ரெஜினாம்மா அதிரவில்லை. அரைத்த மாவை வழித்து முடித்துக் கையைக் கழுவினார்.

"தெரியும் குழலி. எது எம்புள்ள, எது எம்புள்ள இல்லேன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் பாக்கறீங்க ரெஜினாம்மா?"

"எம்புள்ள வரல. இவன் வர்றான்."

குழலி எழுந்தாள். பெட்டியின் பச்சை விளக்கு டிவிக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது. தான் பேசியதை அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது என்பது வெளியே வந்த பிறகுதான் குழலிக்கு உறைத்தது.

ஜெரோமின் எண்ணை அவனுடைய சித்தப்பா மகனிடம் வாங்கி மஸ்கட்டுக்குப் போன் செய்தாள். அவன் எடுத்தவுடன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு. வந்துட்டுப் போ ஜெரோம்."

 போனில் அவனுக்குப் பின்னால் லாரி ஏதோ பின்வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றான். சொல்லிவிட்டு அவனே ஒருவிதமாகச் சிரித்தான்.

இருபது நாள் விடுப்பில் வந்தான். குழலிதான் விமான நிலையத்துக்குப் போய் ஆட்டோவில் கூட்டிவந்தாள். வழியில் அவன் ஒரு விஷயம் சொன்னான். யாரிடமும் சொன்னதில்லை என்று சொல்லிவிட்டுச் சொன்னான்.

"அப்பாவுக்கு வர லீவு குடுக்கலன்னு எல்லார்ட்டயும் சொன்னேன்ல. நான் கேக்கவேயில்லக்கா. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. சவப்பெட்டிக்குள்ள அப்பா மூஞ்சியப் பாக்க பயந்துட்டேன். அம்மா பந்தியில சொன்னது அநியாயந்தான். ஆனா ஒரு வகையில உண்மைங்கறதாலதான் எந்திரிச்சுப் போனேன்."

இதை அம்மாவிடம் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றான். குழலிக்கு ஆட்டோவிலேயே கண் கலங்கியது.

அவர்கள் வீட்டை அடைந்தபோது ஏழே முக்கால் இருக்கும். கதவு திறந்துதான் இருந்தது. ரெஜினாம்மா எழுந்து வந்தார். மகனின் முகத்தைத் தொட்டார், சூட்கேசை வாங்கி ஓரமாக வைத்தார், தண்ணீர் கொடுத்தார். கண்ணில் நீர்கூட வந்தது. பிறகு, உக்காருப்பா, இது முடியட்டும், சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜெரோம் அப்படியே நின்று டிவியைப் பார்த்தான். பிரபு அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு கையை எடுத்துக் காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டான். ஜெரோமின் கை தன் காதுவரை போய்விட்டுக் கீழே இறங்கியது.

சாப்பிடும்போது பேச ஆரம்பித்தான். அம்மா, அப்பாவுக்கு நான் வந்திருக்கணும் என்றான். ரெஜினாம்மா மீன் துண்டு ஒன்றை அவன் தட்டில் வைத்தார்.

"அதான் சொல்லிட்டியேப்பா. எத்தன தடவ சொல்லுவ?"

"எப்பம்மா சொன்னேன்?"

"போன மாசம். லீவு கிடைக்கலன்னாலும் வேலையத் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கணும்மான்னு அழுதியே. எனக்கும் மனசு ஆறிப்போச்சு. விடு. குழம்பு ஊத்தவா?"

ஜெரோம் குழலியைப் பார்த்தான். அவன் சொல்ல வந்தது அதுவல்ல. ஆனால் அதற்குப் பிறகு அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே மன்னித்து முடித்துவிட்ட ஒருத்தரிடம் போய் என்ன கேட்பது? தலையைக் குனிந்து சாப்பிட்டான். ரெஜினாம்மா அவன் ஏன் இவ்வளவு மெலிந்துவிட்டான் என்று அங்கலாய்த்தார். நேற்று நன்றாகத்தானே இருந்தான் என்பதுபோல அவனை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

வாசல்வரை வந்த ஜெரோம் குழலியிடம், என்னைவிட அவன் நல்லா பேசறான்க்கா என்று மட்டும் சொன்னான்.

இரண்டு நாள் கழித்துக் குழலியின் யோசனைப்படி அவன் பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டான். ரெஜினாம்மா சண்டை போடுவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் சண்டை போடவில்லை. உனக்குப் பிடிக்கலன்னா வேண்டாம்ப்பா என்றார். ஏழரை மணிக்கு வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தார். இருண்டு கிடந்த திரைக்கு எதிரே அவரும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவனிடம் மஸ்கட்டில் வெயில் எப்படி, அரிசி என்ன விலை, தண்ணி எல்லாம் நல்லா வருதா என்று கேட்டார். தூரத்துச் சொந்தம் யாராவது வந்தால் கேட்பதுபோல, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை மரியாதையாகக் காத்திருந்து கேட்டார். ஜெரோம் அந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில், ஊருக்கு எப்பப்பா கிளம்பற என்றார். குரலில் துளிக் கோபமில்லை.

கழற்றிய மூன்றாம் நாள் மாலை அவனே அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து மாட்டினான். இதைக் குழலியிடம் போனில் சொன்னபோது அவன் குரல் களைத்திருந்தது. அம்மா தண்ணியில்லாத மீன் மாதிரி இருக்காங்கக்கா, பாக்க முடியல என்றான். நானும் கூடவே உட்கார்ந்து பார்த்துவிட்டு, முடிந்ததும் பேசிக்கொள்கிறேன் என்றான். குழலி சரி என்றாள். 

மருத்துவமனையில் அப்போது ஆள் குறைவு. அவளால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. இடையில் ஒருநாள் ஜெரோமுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. பிறகு பார்த்தால், ஏழரைக்கு மேல் செய்திருக்கிறாள்.

அவன் கிளம்ப வேண்டிய நாளன்று, வழியனுப்பலாம் என்று வேலையை முடித்துவிட்டு நேராகப் போனாள். வாசலில் கார் எதுவும் நிற்கவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ரெஜினாம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதேயில்லை. ஜெரோம் கைலியில் வெளியே வந்தான். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

"டிக்கெட்டை மாத்திட்டேன்க்கா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு."

குழலிக்குச் சந்தோஷமாக இருந்தது. பேசிவிட்டீர்களா என்று கேட்டாள். பேசிட்டோம் என்றான். அம்மா மன்னிப்புக் கேட்டார்களாம். பந்தியில் எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா, சாப்பாட்டு இலையிலேருந்து எம்புள்ளய எழுப்பிவிட்ட பாவி நான் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். சொல்லும்போது ஜெரோமின் கண் பளபளத்தது. இரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருந்தேன் என்றான்.

"எப்ப கேட்டாங்க?"

"நேத்துதான். ஏழே முக்கால் இருக்கும்."

குழலி உள்ளே எட்டிப் பார்த்தாள். ரெஜினாம்மா சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மறு ஓரத்தில் ஜெரோம் உட்கார்ந்து எழுந்த பள்ளம் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் சுண்டல் கிண்ணம். டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் இப்போது இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பார்ப்பவர்கள் இரண்டு பேர் என்றால் அது இரண்டு பேரையும்தானே எழுந்து போகாமல் வைத்திருக்கப் பார்க்கும்? ரெஜினாம்மாவுக்காகப் பிரபு மன்னிப்புக் கேட்டான். ஜெரோமுக்காகக் கோமதி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். சோபாவின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொருவர் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே, ஒருவருக்கொருவர் சமாதானமாகிவிட்டார்கள்.

"ஜெரோம், ஆட்டோவுல எங்கிட்ட சொன்னியே. பயந்ததை. அதை அம்மாகிட்ட சொன்னியா?"

அவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். எதைக் கேட்கிறாள் என்று நினைவுபடுத்திப் பார்ப்பவன்போல இருந்தது.

"அது வேணாம்க்கா. கதையில அது இல்ல."

உள்ளேயிருந்து ரெஜினாம்மா, போட்டாச்சுப்பா, வா என்று கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது யாரை என்று குழலிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஜெரோம் உள்ளே வரச்சொல்லி அவளையும் அழைத்தான். நடுவில் இடமிருக்கிறது, உட்காருங்கள் என்றான். அவள் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

தெருவில் யாருமில்லை. 'நெட்டிலிங்கத் தெரு'வின் தொடக்கப் பாட்டு ரெஜினாம்மா வீட்டில் ஆரம்பித்தபோதே பக்கத்து வீட்டிலும் ஆரம்பித்திருந்தது. எதிர்வீட்டிலும். மாடியிலும். ஒரே பாட்டு, ஒரே தாளம், ஜன்னலுக்கு ஜன்னல் பிசகாமல் அவளோடு நடந்து வந்தது. பிறகு பாட்டு முடிந்து வசனம் தொடங்கியது. ஒரு வீட்டில் கோமதி அழுதாள். அடுத்த வீட்டில் கோமதி யாரையோ பார்த்துச் சிரித்தாள். முனை வீட்டில் ஒரு குழந்தை பேசியது. அந்தத் தொடரில் குழந்தையே கிடையாது. அந்த வீட்டுக்காரர்களுக்கும் குழந்தை கிடையாது. தையற்கடைக்காரர் வீட்டில் ஒரு ஆண்குரல் திரும்பத் திரும்ப, நீ செஞ்சது சரிதான், நீ செஞ்சதுதான் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்த வீட்டிலும் யாரும் குரலை உயர்த்தவில்லை. எல்லா வாசல்களும் திறந்திருந்தன. யாரும் வெளியே பார்க்கவில்லை.

குழலி தன் தெருவுக்குத் திரும்பினாள். மூச்சு வாங்கியது. அப்போதுதான் கவனித்தாள்: அவள் ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய எபிசோட் ஆரம்பித்து ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும்.